லோகோ முதலிலா, கேமரா முதலிலா? காவேரிப்பட்டினம் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி கேட்ட தம்பிக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு கிராமம். அவருடைய அம்மாவும் அத்தையும் வீட்டிலேயே கொட்டை எடுத்த புளி, ராகி மாவு, மாங்காய் ஊறுகாய் மூன்றும் தயார் செய்கிறார்கள். இவர் இரண்டு வருடமாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு வருகிறார். லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை. லோகோவும் பிராண்டிங்கும் சேர்த்துச் செய்து தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறாராம், நல்ல கேமரா ஒன்றுக்கு 50,000 ஆகுமாம். "அண்ணா, கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் போதும், எதை முதலில் செய்யட்டும்?" என்பது கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. அந்தக் காசில் ஒரு பகுதியைப் புளி சீசனில் நல்ல சரக்கு வாங்க வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் கிருஷ்ணகிரியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஃபிலிம் ரோல் காலத்தில் கல்யாணம், காதுகுத்து என்று ஆரம்பித்து, கடந்த பத்து வருடமாகப் பெரும்பாலும் பொருட்களைத்தான் படம் எடுக்கிறேன். நிப்பட்டுக் கடை, மாந்தோப்புக்காரர்கள், பர்கூர் ஜவுளிக் கடைகள், இப்படி. நீங்கள் அனுப்பிய கணக்கில் இருந்த எல்லாப் படங்களையும் முந்தாநாள் ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும். மீதியில் பல படங்கள் கூகுளில் எடுத்தவை, அதில் ஒரு புளிப் படம் நம் ஊர்ப் புளியே இல்லை, வெளிநாட்டு இனிப்புப் புளி. உங்கள் வீட்டுச் சரக்கைக் காட்டுகிற படங்கள் ஏழோ எட்டோதான், அவையும் ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் எவர்சில்வர் தட்டில் வைத்து ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. அப்புறம் இன்னொன்று. வாட்ஸ்அப்பில் ஒரு பெயர், இன்ஸ்டாவில் ஆங்கிலத்தில் வேறு பெயர், பாக்கெட்டில் அம்மா பெயர். ஒரு தடவை வாங்கிய ஒருவர் மறுபடி உங்களைத் தேட நினைத்தால் எந்தப் பெயரைத் தேடுவார்?

உங்கள் பொருளை வாங்கப் போவது யார் என்று முதலில் யோசியுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். நம் மாவட்டத்து ஆட்கள் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பொம்மசந்திராவிலும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்! அவர்களுக்கு ஊர்ப் புளியும் களி கிண்ட நல்ல ராகி மாவும் வேண்டும். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நேரில் புளி வாங்குகிறவர் என்ன செய்வார்? ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பார், ஈரம் இருக்கிறதா என்று. பிய்த்துப் பார்ப்பார், கொட்டையும் நாரும் எவ்வளவு என்று. முகர்ந்து பார்ப்பார், நுனியைக் கிள்ளி வாயில் போடுவார். பெங்களூரில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது எதுவும் முடியாது. அவர் கை செய்ய வேண்டிய வேலையை உங்கள் படம் செய்ய வேண்டும். நான் சொல்லப் போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

அதனால் புளிக்கு 'அழகான படம்' எடுக்காதீர்கள். அவருடைய சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுங்கள். முழு உருண்டை ஒன்று. அதையே பிய்த்து உள்ளே நார் தெரிகிற மாதிரி ஒன்று. புதுப்புளியும் பழம்புளியும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நிற வித்தியாசம் தெரிகிற மாதிரி ஒன்று, புதுசு செம்பழுப்பாக இருக்கும், பழசு கறுத்திருக்கும், வாங்குகிறவருக்கு இது தெரியும், நீங்கள் எதைத் தருகிறீர்கள் என்றுதான் தெரியாது. அரைக் கிலோ எவ்வளவு பெரிசு என்று புரிய அம்மாவின் கையில் வைத்து ஒன்று. பாக்கெட் செய்து அனுப்பும்போது எப்படி இருக்கும் என்று ஒன்று. ஐந்து படம். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் என்று இருக்கிறதே, அதில் 500 பொருள் வரை போடலாம், ஒரு பொருளுக்கு 10 படம் வரை வைக்கலாம், காசு கிடையாது. உங்களிடம் இருப்பது மூன்றே பொருள். அந்த மூன்றையும் இப்படி முழுதாக வைத்தாலே ஸ்டேட்டஸில் தினமும் புலம்பத் தேவையிருக்காது, கேட்கிறவருக்கு ஒரு லிங்க் அனுப்பினால் போதும்.

சரி, எப்படி எடுப்பது. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேமரா வாங்க வேண்டாம் என்று சொன்னதே இதை நம்பித்தான்.

உங்கள் போனே போதும். முதல் வேலை லென்ஸைத் துடைப்பது. சமையலறையில் புழங்கும் போனில் எண்ணெய்க் கை பட்டிருக்கும், அந்தப் படலம்தான் உங்கள் படங்களில் பனிமூட்டம் மாதிரித் தெரிகிறது. பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது. ஃபிளாஷை ஒரேயடியாக அணைத்துவிடுங்கள். காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெயில் நேராக விழாத திண்ணையோ ஜன்னலோரமோ போதும். வெயில் நேராக விழுகிறது என்றால் ஜன்னலுக்கு வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டுங்கள், வெளிச்சம் சலித்து இறங்கும், நிழல் விளிம்பு மென்மையாகும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும், எதிர்ப் பக்கத்தில் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள், அது வெளிச்சத்தைத் திருப்பி அடித்து நிழலைக் கொஞ்சம் நிரப்பும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் எந்த பல்பும் எரியக் கூடாது. பகல் வெளிச்சத்தின் நிறம் வேறு, பல்பின் நிறம் வேறு. இரண்டும் கலந்தால் புளியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும், அதை எந்த ஆப்பாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது பலர் சொல்லித் தராத விஷயம். கேமராவுக்குத் தான் பார்ப்பது புளியா மாவா என்று நிச்சயமில்லை. கண்ணுக்கு முன் இருப்பது எல்லாமே நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் அது அளக்கிறது. கறுத்த புளியைப் படம் முழுக்க நிரப்பி எடுத்தால், 'ஐயோ இருட்டாக இருக்கிறதே' என்று அதுவாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், புளி வெளுத்துப் போய் நரைத்த மாதிரி வரும். மாவை நிரப்பி எடுத்தால் 'ரொம்ப வெளிச்சம்' என்று குறைத்துவிடும், மாவு அழுக்காகத் தெரியும். உங்கள் ராகி மாவுப் படம் சிமெண்ட் மாதிரி இருப்பதற்கு மாவில் குற்றம் எதுவும் இல்லை, இதுதான் காரணம். செய்ய வேண்டியது சுலபம். திரையில் புளியைத் தொடுங்கள், பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், அதைக் கீழே இழுத்து, கண்ணால் பார்க்கும் நிறம் வரும்வரை குறையுங்கள். மாவுக்கு மேலே இழுங்கள். தொட்ட இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அந்த அளவு பூட்டிக்கொள்ளும், அப்புறம் பத்துப் படம் எடுத்தாலும் பத்தும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும்.

இன்னும் இரண்டு. பாக்கெட்டுக்கு மிகக் கிட்டே போய் எடுக்காதீர்கள், நடு வயிறு ஊதி ஓரம் சுருங்கித் தெரியும். ஓரடி பின்னால் வந்து, போனில் பெரிதாக்கிக் காட்டும் தனி லென்ஸ் (டெலிஃபோட்டோ) இருந்தால் இரண்டு மடங்கு என்பதைத் தொட்டு எடுங்கள். அந்த லென்ஸ் இல்லாத போனில் விரலால் பெரிதாக்குவது வெறும் வெட்டுவதுதான், அதைச் செய்ய வேண்டாம். எடுக்கும் வரிசையில் முதல் படத்தில் மட்டும் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். பின்னால் எடிட் செய்யும்போது அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்து, அதே அளவை மற்றப் படங்களுக்கும் வையுங்கள்.

இந்த நிற விஷயத்தில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் சந்தூர் பக்கம் ஒரு தோப்புக்காரருக்குச் செந்தூரா மாம்பழத்தைப் படம் எடுத்துக் கொடுத்தேன். செந்தூராவின் காம்புப் பக்கத்தில்தான் அந்தச் சிவப்பு இருக்கும், கீழே மஞ்சளாக இறங்கும். நான் கம்ப்யூட்டரில் அந்தச் சிவப்பைக் கூட்டிவிட்டேன், பழம் முழுக்கவே சிவந்த மாதிரி ஆகிவிட்டது. படத்தைப் பார்த்துப் பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து நிறையப் பெட்டி கேட்டார்கள். பெட்டி போய்ச் சேர்ந்த அன்றைக்கு மத்தியானத்திலிருந்து போன் மேல் போன். "படத்தில் இருந்த பழம் வேறு, வந்தது வேறு" என்றார்கள். பழத்தில் ஒரு குறையும் இல்லை, இனிப்பான பழம், ஆனால் அவர்கள் கண் ஏற்கெனவே வேறு பழத்தைப் பார்த்துவிட்டது. அவர் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் உணவுப் பொருள் படத்தில் நிறத்தைக் கூட்டுவதே இல்லை. நீங்களும் கூட்டாதீர்கள். ஃபில்டர் வேண்டாம்.

பின்னணிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமா? பாலிஷ் போடும் பட்டறைகளில் உடைந்த துண்டுகள் கிடக்கும், இரண்டடிக்கு இரண்டடி ஒன்று கேட்டு வாங்கி வாருங்கள். பாலிஷ் பக்கம் கண்ணாடி மாதிரிப் பிரதிபலிக்கும், அதைக் கவிழ்த்துவிட்டுச் சொரசொரப்பான பக்கத்தில் பொருளை வையுங்கள். சாம்பல் நிறக் கல்லில் புளியின் செம்பழுப்பும் மாங்காய் ஊறுகாயின் சிவப்பும் நன்றாக எடுபடும். ராகி மாவுக்குக் கறுத்த கல் இன்னும் நல்லது. முக்கியம், இனி எல்லாப் படமும் அதே கல்லின் மேல்தான். ஒரு நாள் எவர்சில்வர் தட்டு, ஒரு நாள் பூப்போட்ட மேசைத்துணி, ஒரு நாள் செய்தித்தாள் என்று மாற்ற வேண்டாம். ஆறு மாதம் கழித்து அந்தக் கல்லைப் பார்த்தவுடனேயே பெயரைப் படிக்காமலே 'இது அவங்க சரக்கு' என்று ஒருவர் சொல்ல வேண்டும். பிராண்டிங் என்று 40,000 ரூபாய்க்கு விற்கப்படுவதில் பாதி இந்தக் கல்லிலேயே கிடைத்துவிடும், கல்லுக்கு என்ன விலை ஆகிவிடப் போகிறது!

ஊறுகாய் பாட்டில்தான் கொஞ்சம் படுத்தும். கண்ணாடி, அதில் எதிரே இருக்கிற ஜன்னலும் நீங்களும் போனும் எல்லாம் தெரியும். வெளிச்சம் பாட்டிலுக்குப் பின்புறம் ஒரு பக்கமாக, கடிகாரத்தில் பத்து மணி இருக்கிற திசையில் இருக்கும்படி திருப்பி வையுங்கள். எண்ணெய்க்குள் வெளிச்சம் ஊடுருவி அந்தச் சிவப்பு உள்ளிருந்து ஒளிரும், முன்பக்கத்தைத் தெர்மோகோல் நிரப்பிக்கொடுக்கும். பாட்டிலைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு விளிம்பைப் பிடித்தே நகர்த்துங்கள், கைரேகை அப்பட்டமாகத் தெரியும். பிரதிபலிப்பு இன்னும் தெரிந்தால் ஒரு கறுப்பு சார்ட் பேப்பரில் போன் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுங்கள். கூடவே ஒரு கரண்டி ஊறுகாயைக் கல்லின் மேல் வைத்து, மாங்காய்த் துண்டின் அளவு தெரிகிற மாதிரி ஒரு படம். மாங்காய் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்பதுதான் ஊறுகாய் வாங்குகிறவரின் சந்தேகம்.

கூகுளில் எடுத்த படங்களை இன்றைக்கே அழித்துவிடுங்கள். அது யாரோ ஒருவர் எடுத்த படம், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அவருக்குச் சொந்தம், இணையத்தில் கிடக்கிறது என்பதால் பொதுச் சொத்து ஆகிவிடாது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் படத்தை வேறு நாலு பேரின் பக்கத்திலும் பார்த்த வாடிக்கையாளர் உங்களிடம் சரக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று சந்தேகப்படுவார். ஏ.ஐ. போட்டுத் தரும் படங்களும் அதே கதைதான். நீங்கள் போட்டிருந்த அந்த ஏ.ஐ. ராகிப் படத்தில் கதிரே ராகிக் கதிர் மாதிரி இல்லை. ராகிக் கதிர் விரல் மடக்கின மாதிரி இருக்கும் என்பது தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், அவர்கள்தானே உங்கள் வாடிக்கையாளர்கள்? வாழ்த்து அட்டைக்கு வேண்டுமானால் ஏ.ஐ. வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் பொருளுக்கு வேண்டவே வேண்டாம்.

இனி பெயருக்கும் லோகோவுக்கும் வருகிறேன்.

முதலில் ஒரே பெயர். அம்மாவுடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். போனில் ஒரு தடவை சொன்னால் எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்காமல் எழுதிக்கொள்ள வேண்டும், அதுதான் சோதனை. மூன்று ஆங்கில எழுத்தைச் சேர்த்து 'ஃபுட்ஸ்' போடுவது வேண்டாம், யாருக்கும் மனசில் நிற்காது. ஊர்ப் பெயரையும் பொருளையும் சேர்த்து 'கிருஷ்ணகிரி புளி' என்று மட்டும் வைப்பதும் சரிப்படாது. இடத்தையும் பொருளின் தன்மையையும் மட்டும் சொல்கிற பெயரை 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறிகள் (டிரேட்மார்க்) சட்டப்படி பதிவு செய்வது கடினம், நாளைக்கு எதிர்வீட்டுக்காரரும் அதே பெயரில் விற்கலாம். பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் தங்கள் பாரம்பரியத் தையல் வேலைப்பாட்டை 'போர்கை' என்ற பெயரில் விற்கிறார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று அர்த்தம். ஒரே சொல், அவர்களுடைய சொல், வேறு யாரும் வைத்துக்கொள்ள முடியாத சொல். உங்கள் வீட்டில் புளி அடிக்கும்போது, ராகி புடைக்கும்போது அம்மா பேசும் பேச்சைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள், அங்கேயே உங்கள் பெயர் இருக்கும்.

பெயர் முடிவானதும் தனிநபராக ஆன்லைனில் விண்ணப்பித்தால் வர்த்தகக் குறிப் பதிவுக்கு ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். ஊறுகாய் 29ஆம் வகுப்பு, மாவு 30ஆம் வகுப்பு, ஆகவே இரண்டு கட்டணம் வரும். பதிவானால் 10 வருடம், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் முன் அதே மாதிரிப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று அரசு இணையதளத்தில் தேடிப் பாருங்கள், தேடுவதற்குக் காசு இல்லை. பெயருக்குப் பக்கத்தில் 'டி.எம்.' போடுவது பரவாயில்லை, வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பிறகுதான், அதற்கு முன் போட்டால் சட்டப்படி குற்றம். இதெல்லாம் இந்த மாதமே செய்ய வேண்டியதில்லை. ஆனால் 40,000 கொடுத்து லோகோ வரைவதற்கு முன் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது, பெயரே கிடைக்காவிட்டால் வரைந்ததெல்லாம் வீண்.

லோகோ என்று தனியாகப் படம் ஏதும் இப்போது தேவையில்லை, நல்ல தமிழ் எழுத்தில் உங்கள் பெயரே லோகோ. கூகுள் ஃபாண்ட்ஸில் கேட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை, பவனம், அனெக் தமிழ் என்று அருமையான எழுத்துருக்கள் இருக்கின்றன, வியாபாரத்துக்கும் இலவசமாகவே பயன்படுத்தலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். ஒரே நிறம், புளியின் செம்பழுப்போ ஊறுகாயின் சிவப்போ, அந்த நிறத்தின் எண்ணைக் குறித்து வைத்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ஃபிளெக்ஸ் கடையில் அரை மணி நேரத்தில் செய்து தரும் லோகோவில் ஐந்து நிறம், நிழல், மின்னுகிற தங்க எழுத்து எல்லாம் இருக்கும். பேனரில் பார்க்க எடுப்பாக இருக்கலாம், பாக்கெட்டில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வரும்போது ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி ஆகிவிடும். கறுப்பு வெள்ளையில் இரண்டு சென்டிமீட்டரில் அச்சடித்துப் பாருங்கள், பெயர் படிக்க முடிகிறதா? வாட்ஸ்அப் வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள், இரு ஓரமும் வெட்டுப்படாமல் இருக்கிறதா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் போதும்.

எழுத்துப் பிழைக்கும் ஒரு வார்த்தை. உங்கள் லேபிளில் 'ஊருகாய்' என்று இருக்கிறது. ஊறுவதால் அது ஊறுகாய், வல்லின 'று'. சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். லேபிளில் கவனம் இல்லை என்றால் பாட்டிலுக்குள் கவனம் இருக்குமா என்று ஒருவருக்குத் தோன்றும், தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

லேபிளில் சட்டப்படி இருக்க வேண்டியவையும் நம்பிக்கையைத்தான் வளர்க்கின்றன, அவற்றை ஓரத்தில் ஒளித்து வைக்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், சேர்மானம், முழு முகவரி, புகார் சொல்ல ஒரு போன் எண். வீட்டில் செய்கிறோம், நமக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பதிவு வேண்டும். கேட்டலாக்கில் லேபிளின் பின்பக்கத்தையும் தெளிவாக ஒரு படம் எடுத்து வையுங்கள். நான் பார்த்தவரை, முதல் தடவை வாங்குகிறவர்கள் கூர்ந்து பெரிதாக்கிப் பார்க்கும் படம் அதுதான்.

பின்னால் வசதி வந்து அந்த 40,000 ரூபாய்க்காரரிடமோ வேறு யாரிடமோ போனால் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஒன்று, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோடு வடிவக் கோப்பு, எஸ்.வி.ஜி. அல்லது பி.டி.எஃப். அல்லது கோரல் ட்ரா கோப்பு. வெறும் ஜேபெக் படத்தைக் கொடுத்து முடித்துவிடுவார்கள், நாளைக்குப் பெரிய போர்டு அடிக்கும்போது எழுத்து கட்டங்கட்டமாகத் தெரியும். இரண்டு, அந்த வடிவமைப்பின் உரிமையை உங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்று கையெழுத்துடன் ஒரு தாள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எடுக்கச் சொன்னவரே சொந்தக்காரர், லோகோ விஷயம் அப்படியில்லை, எழுதி வாங்காவிட்டால் வரைந்தவரிடமே உரிமை தங்கிவிடலாம்.

எதைப் போடுவது, எப்போது போடுவது? தினமும் ஒன்று போட வேண்டும் என்று யாரோ சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள், அதனால்தான் காலை வணக்கம் வந்தது. வாரத்துக்கு இரண்டு போதும், இரண்டும் உங்கள் சரக்காக இருக்கட்டும். தை கடைசியிலிருந்து பங்குனிவரை புளி வருகிற காலம், அந்த ஓரிரு மாதத்தில் வருடம் முழுவதற்கும் படம் எடுத்து வைத்துக்கொள்ள முடியும். மரத்தை உலுக்குவது, ஓடு காய்வது, ஓட்டை உடைப்பது, திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் கொட்டை தட்டுவது, அந்தச் சத்தம். அந்தச் சத்தத்தோடு இருபது வினாடி வீடியோ எடுங்கள், மேலே பாட்டு போடாதீர்கள். நம் ஊரை விட்டுப் போய்ப் பதினைந்து வருடம் ஆன ஒருவருக்கு அந்தக் கட்டைச் சத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் கொட்டை தட்டுகிற பெண்களிடம் முதலில் கேளுங்கள். எங்கே போடப் போகிறீர்கள், எதற்கு என்று சொல்லுங்கள். முகம் வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுங்கள். கை மட்டும் இருக்கிற படம் பல நேரம் இன்னும் நன்றாகவே இருக்கும்.

ராகிக்கு அம்மா களி கிண்டுவதை எடுங்கள். எத்தனை டம்ளர் தண்ணீருக்கு எவ்வளவு மாவு, எப்போது மூடி வைப்பது, கட்டி விழாமல் எப்படித் துழாவுவது, அம்மா பேசுகிற பேச்சிலேயே. பெங்களூரில் பிறந்து வளர்ந்த மருமகளுக்கு மாவு கிடைக்காதது பிரச்சினை இல்லை, களி சரியாக வராததுதான் பிரச்சினை. அதைத் தீர்த்துவைக்கிறவரிடம்தான் அடுத்த கிலோவை வாங்குவாள். மாங்காய் சீசனில் ஊறுகாய், ஆனி மாதம் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கும் சமயத்தில் மாங்காய் பற்றித் தேடுகிறவர்கள் அதிகம், அப்போது உங்கள் ஊறுகாய் படமும் இருக்கட்டும்.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டா பதிவுக்கு 1080க்கு 1350 பிக்சல். 2025 தொடக்கத்திலிருந்து அங்கே முகப்புக் கட்டங்களும் சதுரம் போய் நெட்டையாகிவிட்டன, பொருள் நடுவில் இருக்கட்டும். ஸ்டேட்டஸுக்கு 1080க்கு 1920. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது நாலு அங்குல லேபிளில் வரும் படத்துக்குக் குறைந்தது 1200 பிக்சல் அகலம் வேண்டும். அச்சகத்துக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் நிறம் அச்சில் மங்கித்தான் வரும், ஆயிரம் லேபிள் அடிப்பதற்கு முன் ஒன்று அடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். நீங்கள் அனுப்பியது பலருக்கும் போகவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் ஒரு சின்ன அட்டை வையுங்கள், உங்கள் பெயரில், உங்கள் நிறத்தில், "இந்த எண்ணை இந்தப் பெயரில் சேமித்து வையுங்கள், புதுப்புளி வந்ததும் சொல்கிறோம்" என்று. பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைப் பதிவு செய்யுங்கள், இலவசம். பெயர் இருக்கும் இடத்தில் உண்மையான பெயரை மட்டும் போடுங்கள், 'சிறந்த புளி மொத்த விலை' என்றெல்லாம் சேர்த்தால் முடக்கிவிடுவார்கள். படம் 720க்கு 720 பிக்சலாவது இருக்கட்டும். பொருள் படத்தோடு வீட்டு முகப்பும், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற இடமும் பகலில் எடுத்துப் போடுங்கள். பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் உங்கள் வழியாகத்தான் போகிறார்கள், திரும்புகிற இடம் தெரிந்தால் வண்டியை நிறுத்தி வாங்கிக்கொண்டு போவார்கள்.

கேமரா எப்போது வாங்கலாம் என்றால், இதே கல்லின் மேல், இதே ஜன்னலோரத்தில் ஒரு வருடம் எடுத்த பிறகு, இந்தப் படத்துக்கு என் போன் போதவில்லை என்று எந்த இடத்தில் என்று குறிப்பிட்டுச் சொல்ல முடிகிறபோது வாங்குங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை புளி ஐந்து படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், டாக்குமெண்ட்டாக. வெள்ளைத் தாள் வைத்த படமும் அதில் இருக்கட்டும், நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.